மஞ்சுக்குள் வந்த நீலம்

மிக்கேல் அந்தக் காரை முதன்முதலில் பார்த்தது 1972 ஜனவரி 26, புதன்கிழமை காலை ஏழே முக்காலுக்கு. அவருக்கு அப்போது எட்டு வயது. ஏலப்பாறை அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேலாளர், குடியரசு நாள் ஊர்வலத்துக்காக ஒரு அம்பாசடரின் கூரையை வெட்டி, பின்பக்கம் மீன்வால் போல இரண்டு தகடுகள் வைத்து, வான நீலம் அடித்திருந்தார். அன்று பத்தடிக்கு அப்பால் எல்லாம் மஞ்சு, மலை மூடுபனி. தொழிற்சாலையில் காற்றின் ஈரத்தை அளந்து எழுதுவது என் வேலை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியும் சுற்றாததும் அன்று ஒரே அளவைக் காட்டியதாக என் பதிவில் இருக்கிறது. காற்றில் இன்னொரு சொட்டு ஈரத்துக்கு இடமில்லை என்று பொருள்.

"காருன்னே தெரியலய்யா," என்பார் மிக்கேல். "ஆகாசத்துல ஒரு துண்டு பிஞ்சு, ரோட்டு வழியா எறங்கி வந்த மாதிரி இருந்துச்சு."

வளர்ந்தபின் முப்பத்து நாலு வருஷம் தோட்டத்து டிராக்டர் ஓட்டினார். 2019இல், பழைய பங்களாவின் கோழிக் கொட்டகையில் அந்தக் கார் துருப்பிடித்துக் கிடப்பதைக் கண்டார். கேட்டதும் தோட்டத்துக்காரர்கள் கொடுத்துவிட்டார்கள். அது மஞ்சுக்குள்ளிருந்து வருவதை இன்னொரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அவர் ஆசை. குமுளியில் நடக்கும் பழைய வண்டிகளின் கண்காட்சிக்குக் கொண்டுபோகலாம் என்று தூண்டிவிட்டவர்கள் அவருடைய இரண்டு நண்பர்கள்: பஸ் டிரைவர் பெரியமுத்து, மூடிக்கிடக்கும் தொழிற்சாலைக்குக் காவல்காரரான ஜோபி.

ஐந்து வருஷத்தில் எஞ்சின் ஓடியது, தகடு நேரானது. பெயின்ட் மட்டும் பிடிகொடுக்கவில்லை. மிக்கேலின் கொட்டகை ஓடைக்கரையில் இருந்தது, எப்போதும் ஈரம். 2024 நவம்பர் 9இல் அடித்த நீலம், காய்வதற்குள் பால் ஊற்றியது போல் வெளுத்தது. சுரண்டிவிட்டு டிசம்பர் 21இல் மறுபடி அடித்தார். மறுபடியும் வெளுத்தது. பழைய நிறத்துக்குச் சரியாகக் கலந்து வாங்கியதில் மிச்சம் ஒரே ஒரு டின்.

"இதுவும் வெளுத்தா ஆக்ரிக்காரனுக்குத் தூக்கிக் குடுத்துருவேன்," என்றார் மிக்கேல். பழைய இரும்பு எடுக்கும் அந்த ஆள் ஏற்கெனவே இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

அவர் மனைவி செபமாலையம்மாள் தேநீர் வைத்துக்கொண்டே சொன்னார்: "அஞ்சு வருஷமா தேய்க்கீக. எஞ் சேலைய ஒருநா தேச்சிருப்பீகளா?"

"சேலையில கோழி எச்சம் இல்லல்ல மதினி," என்றார் பெரியமுத்து.

ஜோபிதான் யோசித்துச் சொன்னார். "எலைய வாட்டுன கூடத்துல அடிச்சா என்ன? அங்க ஈரம் நிக்காதே. கிளார்க்கய்யா கணக்கு வச்சிருப்பாக, கேளுங்க."

வைத்திருந்தேன். பச்சை இலையைப் பரப்பி வெப்பக் காற்று விட்டு வாட்டிய கூடம் அது. அடுப்பு எரிந்தால் இரண்டு வெப்பமானிகளுக்கும் பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் வரும், அவ்வளவு உலர்ந்த காற்று.

2025 ஜனவரி 11, சனிக்கிழமை. காரைக் கூடத்துக்குள் தள்ளினோம். கதவுகளையும் பானெட்டையும் கழற்றி, இலை பரப்பும் நீளக் கம்பிவலைமேல் கிடத்தினோம். ஜோபி காலை ஆறு மணிக்கே அடுப்பு மூட்டியிருந்தார். வித்தியாசம் பன்னிரண்டு வந்ததும் அடுப்பை அணைக்கச் சொன்னேன். பெயின்ட் ஆவி தீப்பிடிக்கும் என்பதால் அது ஆறியபிறகுதான் டின்னைத் திறக்க விட்டேன். ஒன்று நாற்பதுக்கு மிக்கேல் அடித்து முடித்தார். நீலம் நீலமாகவே இருந்தது.

அப்போது விசிறி சுற்றியது.

வலைமேல் எதைப் பரப்பினாலும் விசிறி போடுவது, முன்பு அதே கூடத்தில் இலை வாட்டிய ஜோபியின் இருபத்தாறு வருஷப் பழக்கம். கை தானாகப் போயிருக்கிறது. ஒன்பது வருஷமாக வலைக்கடியில் தங்கியிருந்த தேயிலைப் பூஞ்சு, அதாவது இலை உதிர்த்த மென்தூசி, பொன்னிற மயிர் போல எழும்பி, வெயில் கீற்றில் மினுங்கிச் சுழன்று, ஈரப் பெயின்டில் வந்து உட்கார்ந்தது.

"ஏலே, அணைல," என்றார் பெரியமுத்து. ஜோபி அணைத்தார். அவர் முகத்தை எங்களால் பார்க்க முடியவில்லை.

மிக்கேல் பானெட்டின் அருகில் குனிந்து வெகுநேரம் நின்றார். காய்ந்தபின் ஒரு மூலையை விரலால் தடவினார். உள்ளே பொன் இழைகள். சுற்றிலும் துளி வெளுப்பில்லை.

"வெளுக்கலல்ல," என்றார். "பின்ன என்ன. தேயில நம்மளயே விடல, இத விடுமா."

ஜோபி அப்போதுதான் உட்கார்ந்தார்.

ஜனவரி 26, ஞாயிறு. கூரை வெட்டிய வண்டியைப் பொதுச் சாலையில் ஓட்டக்கூடாது. ஆகவே தோட்டத்துப் பாதை முடியும் இடத்தில் குமுளிக்கு ஏற்றிப்போக லாரி நின்றது. பெரியமுத்து சாவியை நீட்டினார்.

"நீ ஓட்டுல," என்றார் மிக்கேல். "உள்ள இருந்தா நான் எப்படிப் பாக்க?"

அவரும் நானும் வளைவில் போய் நின்றோம். வெப்பமானிகளைக் கொண்டுபோயிருந்தேன், வித்தியாசம் பூஜ்யம். எதிரே வெள்ளை மட்டும். எஞ்சின் சத்தம் எங்கிருந்தோ வந்தது, மேலிருந்தா கீழிருந்தா என்று சொல்ல முடியவில்லை. பிறகு வெள்ளைக்குள் ஓரிடம் லேசாக நிறம் மாறியது. கார் இல்லை, சக்கரம் இல்லை. நீலம் மட்டும் இறங்கி வந்தது.

மிக்கேல் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். மணி ஏழு நாற்பத்தாறு, எழுபத்திரண்டைவிட ஒரு நிமிஷம் தாமதம்.