முதுகு என்று சொல்லிவைத்த வலி

குடலில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய தையல்காரருக்கு வலி ஆசனவாயில்தான். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல மனிதரைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. கேட்டவர்களிடமெல்லாம், "முதுகுல பிடிச்சிருக்கு" என்று சொல்லிவைத்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் மூன்று வேளை உட்காரும்படி டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டு, சட்டைப்பைக்குள்ளேயே மடிந்து கிடந்தது.

முதுகுவலிக்குக் கெட்டியான இருக்கைதான் நல்லது என்று யாரோ சொல்ல, அவர் மனைவி தையல் மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலின் மெத்தையை எடுத்துவிட்டு வெறும் மரப்பலகையைப் போட்டுவைத்தாள். உட்கார்ந்தவர் உட்கார்ந்த வேகத்தில் எழுந்தார். கண்ணில் நீர் முட்டியது.

"என்னங்க, அதுல முள்ளா இருக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டே சீட்டை நீட்டினார். "படிச்சுட்டு சிரிக்காத."

அவள் சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில பத்து நாள் உங்க துணிய மாத்துனது யாரு, எதிர்வீட்டுக்காரியா? என்கிட்ட என்னங்க வெட்கம்?" என்று கடிந்துகொண்டே, அகலமான பேசினில் வெந்நீரை விளாவி வைத்தாள்.

அவர் அறைக்கதவைத் தாழிட்டு அதில் உட்கார்ந்தார். சூடு ஏற ஏற வலி இளகியது, வெட்கம்தான் இளகவில்லை. அந்த நேரம் பார்த்து, தைத்த சட்டையை வாங்க வந்த ஒருத்தி வாசலில் நின்று, "அண்ணன் எங்கக்கா?" என்றாள்.

"முதுகுக்கு ஒத்தடம் குடுத்துட்டு இருக்காரு. இப்படி உக்காரு," என்றாள் மனைவி கணீரென்று.

உள்ளே இருந்தவருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.