உள்ளே ஆள் இருக்கு

கதவுக்கு மூன்றடி தள்ளி நின்று, முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, சம்சுன்னிசா இரண்டு தரம் செருமுவாள். செருமிவிட்டுக் காத்திருப்பாள். கையில் கெண்டி நிறையத் தண்ணீர். கூப்பிடு தூரத்துக்கு ஒரு குஞ்சு இருக்காது. புருஷன் அஹமது கபீர் விடியற்காலை சுபுஹு தொழுத கையோடு பழவண்டியைக் கட்டிக்கொண்டு தேக்கா சந்தைக்குப் போயிருப்பார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருவர் நாலைந்து மைல் தள்ளி வியாபாரம் பார்த்துக்கொண்டிருக்க, சொந்த வீட்டுக் கக்கூஸின் முன்னால் நின்று இந்தப் பெண்பிள்ளை யாருக்காகச் செருமுகிறாள்?

எல்லாம் டவுனில் கம்போங் கப்போரில் இருந்த காலத்துப் பழக்கம். அங்கே கபீரின் அக்காள் மைமூன் லாத்தா வீட்டில் பதினோரு வருஷம் இருந்தாள். மாடியும் கீழுமாக முப்பது பேர். பின்கட்டில் வாளி வைத்த கக்கூஸ் இரண்டு. தாழ்ப்பாள் என்று ஒன்று இருந்ததற்குக் கதவில் இருந்த ஆணி ஓட்டைதான் சாட்சி. வெளியே நிற்பவர் செரும வேண்டும். உள்ளே ஆள் இருந்தால் பதிலுக்குச் செருமும். வாயைத் திறந்து பேசுவது ஆகாது. அந்த இடத்தில் குந்தியிருக்கும்போது சலாம் சொன்னால்கூடப் பதில் சொல்லக் கூடாது. செருமலுக்கு மட்டும் விலக்கு.

பதினோரு வருஷ வரிசையில் நின்று நின்று அவளுக்கு ஒரு வித்தை கைவந்துவிட்டது. செருமலை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவாள். மாடி ரவூபுடையது காலிப் பீப்பாயை உருட்டிவிட்டதுபோல் இருக்கும். நூருன்னிசாவுடையது பூனைக்குட்டித் தும்மல். மைமூன் லாத்தா உள்ளிருந்து செருமினால் போலீஸ்காரன் கதவைத் தட்டுகிற மாதிரி வெளியே நிற்பவர்கள் தாமாகவே இரண்டடி பின்வாங்குவார்கள். சில நேரம் சம்சுன்னிசா உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வாள்: "இது பொய்ச் செருமல். வந்த வேலை எப்பவோ முடிஞ்சிருச்சு. வெளிய வந்தா வேலை சொல்லுவாங்கன்னு சும்மா குந்திக்கிட்டிருக்கு."

சிராங்கூன் ரோட்டில் ஆறாங்கட்டை மைல்கல்லுக்கு உள்ளே தள்ளி ஒரு பழத்தோட்டம் குத்தகைக்கு வந்தபோது கபீர் அவளையும் கூப்பிட்டார். அக்கம்பக்கத்துக்காரர்கள் பழமரத்தை வெட்டிவிட்டு ரப்பர் கன்று நட்டுக்கொண்டிருந்த சமயம் அது. தோட்டத்தில் அத்தாப்பு ஓலை வேய்ந்த வீடு இருந்தது, கிணறு இருந்தது. கக்கூஸ் இல்லை. புதர் இருந்தது.

"கட்டிட்டுக் கூப்பிடுங்க" என்று அவள் சொல்லிவிட்டாள். "இருட்டுற வரைக்கும் அடக்கிக்கிட்டுக் கெடக்க என்னால ஆவாது."

காட்டில் எந்தக் குரங்குக்கு வெட்கப்படப் போகிறாளாம் என்று மைமூன் லாத்தா கேட்டு வீடே சிரித்தது. புறப்படுகிற அன்றைக்கும் அவள் விடவில்லை. "நாலே நாளு. திரும்பி வந்துருவ. ஒன் பாயச் சுருட்டி மூலையிலயே வைக்கிறேன்" என்றாள். சம்சுன்னிசாவுக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டில் முப்பது பேருக்கும் சோறு வடித்து, ஊரான் பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிட்டு, ராத்திரி அந்தப் பாயை விரித்துப் படுக்கிற இடம் கதவுக்குப் பின்னால் இரண்டு முழம். மூலையில் சுருண்டு நிற்கும் பாயின் நினைப்பு, அவள் வண்டியேறிய பிறகும் கூடவே வந்தது.

கக்கூஸ் நன்றாகவே அமைந்திருந்தது. மாதா கோயில் பக்கத்து லாசரஸ்தான் குழி தோண்டிக் கட்டியவன். கிணற்றிலிருந்து நாற்பது எட்டு. குந்துகிறவர் முகமோ முதுகோ தொழுகைத் திசையான கிப்லாவைப் பார்க்கக் கூடாதென்று கபீர் இரண்டு நாள் சாயங்காலம் குச்சி நட்டு, சூரியன் விழுகிற திசை பார்த்துக் கோடு கிழித்துக் கொடுத்தாராம். ஆள் உயரக் குழி ஒன்றரை நாளில் முடிந்ததாம். மண் அவ்வளவு இளக்கமாம். நாலு மூலைக்கும் நிபோங் மரக்கால், மேலே அத்தாப்பு, பலகைக் கதவு, தூவுவதற்குத் தகர டப்பாவில் சாம்பல். கால் வைக்கிற இரண்டு பலகையும் கறுத்த, கனத்த மரம். பாதம் பதிகிற இடத்தில் லேசாகப் பள்ளம்கூட இருந்தது, அளவெடுத்துச் செதுக்கினதுபோல. லாசரஸுக்கு நல்ல கைவேலை என்று அவள் மெச்சிக்கொண்டாள்.

பட்டப்பகலில், நினைத்த நேரத்தில், வரிசை இல்லாமல் போய்வருவது எவ்வளவு பெரிய செல்வம் என்பதை ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதல் எட்டு நாள் அவள் தேவை இல்லாமல்கூடப் போய்வந்தாள்.

ஒன்பதாம் நாள், நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால். அந்த நேரத்தில் தோட்டத்துச் சிள்வண்டுகள் எல்லாம் சொல்லிவைத்தாற்போல் நின்றுவிடும். இலை அசையாது. அவள் வழக்கம்போல இரண்டு தரம் செருமினாள்.

உள்ளிருந்து ஒரு செருமல் வந்தது.

அவள் சட்டென்று பின்வாங்கி, மங்குஸ்தான் மரத்தடிக்குப் போய், கதவுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டாள். புருஷன் உள்ளே இருக்கும்போது செருமிவிட்ட கூச்சம் அவளுக்கு. நெடுநேரம் நின்றாள். வண்டி இன்னும் வரவில்லை என்பது அப்புறந்தான் நினைவுக்கு வந்தது. கொட்டடிக்குப் போய்ப் பார்த்தாள். மாடும் இல்லை, வண்டியும் இல்லை. திரும்பி வந்து மறுபடி செருமினாள். பதில் இல்லை. ஓத வேண்டியதை ஓதி, இடக்காலை முன்வைத்துக் கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை. ஆனால் அவள் ஏறி நின்ற பலகை, பாதம் பதிகிற அந்தப் பள்ளத்தில் மட்டும், சற்றுமுன்தான் ஒருவர் எழுந்துபோன திண்டுபோல வெதுவெதுவென்று இருந்தது.

பயந்தாள். இல்லையென்று சொன்னால் பொய். அன்றைக்கு உலைவைக்கும்போது அரிசியை இரண்டு தரம் களைந்தாள். மறுநாள் கம்பை எடுத்துக்கொண்டு போய்க் கூரையைத் தட்டிப் பார்த்தாள். உடும்பு இல்லை, தேரை இல்லை, ஓலை உரசவும் இல்லை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அது வந்தது. எப்போதும் சிள்வண்டு ஓய்கிற நேரத்தில்தான். கெட்ட ஜின் சாதியாக இருந்தால் ஓதினதற்கு ஓடியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயம் போகவில்லை என்றாலும், காது தன் பழைய வேலையைச் செய்யத்தான் செய்தது. வயசான ஆம்பிளை. சீக்கு ஒன்றும் கிடையாது. புகையிலை போடுகிற தொண்டை. ஒருவரையும் விரட்டாத, தன்னையும் விரட்டிக்கொள்ளாத மனுஷன்.

கபீரிடம் அவள் மூச்சுவிடவில்லை. அவர் பயந்த சுபாவம். சொன்னால் அன்றைக்கே வண்டியைக் கட்டுவார். வண்டி எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியும். மூலையில் பாய் தயாராக இருந்தது.

கபீருக்கும் அந்தச் சமயத்தில் உடம்பு சரியில்லை என்று அவள் எண்ணியிருந்தாள். வண்டி கட்டாத நாட்களில் அவர் கெண்டியும் கையுமாக மங்குஸ்தான் மரத்தடியில் போய், எங்கோ பார்த்துக்கொண்டு நின்றுகொண்டே இருப்பார். மலச்சிக்கல் என்று தீர்மானித்து, கடுக்காயும் நிலாவரையும் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்தார். அதற்கப்புறம் அந்த மரத்தடியில் நின்றபடி தவிக்கவும் ஆரம்பித்தார்.

ரம்புத்தான் பழுத்த மாதம் மைமூன் லாத்தா தோட்டம் பார்க்க வந்தாள். கிணற்றை எட்டிப் பார்த்து ஆழம் போதாது என்றாள். கோழிகளைப் பார்த்து இளைப்பு என்றாள். வெற்றிலை போட்டு முடித்ததும் கெண்டியை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்து போனாள். சிள்வண்டுச் சத்தம் அப்போதுதான் அடங்கியிருந்தது. அதைக் கவனித்ததும் சம்சுன்னிசா வாசல்வரை வந்து நின்றாள்.

போன வேகத்தில் லாத்தா திரும்பி வந்தாள். முகத்தில் பயம் எதுவும் இல்லை. வரிசையில் நிற்க வைக்கப்பட்டவளின் எரிச்சல்தான் இருந்தது.

"உள்ள ஆள் இருக்கு. ஒங்க வீட்டுல வேற யாரு?"

சம்சுன்னிசா வாயைத் திறப்பதற்குள் கபீர் பதில் சொன்னார். ரம்புத்தானைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

"லாசரஸு, லாத்தா. கூரை ஒழுவுதுன்னு வரச் சொல்லியிருந்தேன்."

கூரை ஒழுகவில்லை. லாசரஸ் அந்தப் பக்கம் வந்து இரண்டு மாதமாகிறது. சம்சுன்னிசா புருஷனின் காதைப் பார்த்தாள். சின்னப் பொய் சொன்னால்கூடச் சிவந்துவிடுகிற காது அது. இப்போது சிவக்கவில்லை. எப்போதோ செய்து, சொல்லிப் பார்த்துப் பழகிவைத்திருந்த பொய். விரல் மட்டும் ஒரே முடிச்சை மூன்று தரம் நழுவவிட்டது.

"லாசரஸா? அவன் வாலிபப் பையனாச்சே. கெழவன் தொண்டையால்ல இருந்திச்சு?"

"பொகையில லாத்தா" என்றாள் சம்சுன்னிசா. குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். "அந்த மனுசன் வாயில எந்நேரமும் பொகையிலதான். தொண்டை அப்புடி ஆயிருச்சு."

கபீர் அப்போதுதான் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

கூலிக்காரனையெல்லாம் வீட்டுக் கக்கூஸில் விடுவார்களா என்று லாத்தா முணுமுணுத்துக்கொண்டே மறுபடி போனாள். இந்தத் தடவை தடை ஒன்றும் இல்லை. திரும்பி வந்து, அவன் வெளியே வந்ததைத் தான் பார்க்கவே இல்லையே என்றாள். அவள் திரும்பி நின்றிருப்பாள் என்றார் கபீர்.

"பலகை என்னா அந்தச் சூடு சுடுது?"

"வெயிலு, லாத்தா" என்று இரண்டு பேரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். மூன்று மரத்தின் நிழல் கவிந்த இடம் அது.

சாயங்காலத்து அசர் தொழுகைக்கு முன்னால் லாத்தா பழக்கொத்துகளோடு வாடகை வண்டி ஏறினாள். ஏறும்போது, பாய் இன்னும் சுருட்டினபடிதான் கிடக்கிறது என்று ஞாபகப்படுத்தவும் தவறவில்லை.

வண்டிச் சத்தம் தேய்கிற வரைக்கும் இருவரும் வாசலில் நின்றார்கள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று சம்சுன்னிசா கேட்டாள்.

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். மண் இளக்கமாக வந்ததற்குக் காரணம், அது முன்பே ஒரு தரம் தோண்டின மண். இரண்டு முழத்தில் லாசரஸின் மண்வெட்டி மரத்தில் இடித்தது. இந்த இடமெல்லாம் காம்பிர்ச் செடி பயிரிட்ட தோட்டமாக இருந்த காலத்தில் யாரோ கட்டிவைத்து, பிறகு கூரை விழுந்து மண் மூடிப்போன கக்கூஸ். லாசரஸ் சிலுவை போட்டுக்கொண்டு, "இது யாரோ குந்துன எடம் பாய், வேற பக்கம் பாப்போம்" என்றானாம். மற்ற பக்கமெல்லாம் ஒரே வேர். குச்சி நட்டுத் திசையும் பார்த்தாகிவிட்டது.

"கட்டினாத்தான் வருவேன்னுட்ட. நாள் தள்ளிப்போனா நீ வராமயே..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை.

சம்சுன்னிசா கக்கூஸ் இருந்த திக்கைத் திரும்பிப் பார்த்தாள்.

"மரத்துல இடிச்சுதுன்னீங்களே. அந்த மரத்த என்ன செஞ்சீங்க?"

கபீர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். காது இப்போது சிவந்திருந்தது.

"ரெண்டு பலகை. மக்கவே இல்ல, இரும்பாட்டம் இருந்திச்சு. கழுவி அதையே போட்டுட்டோம்."

அவள் உள்ளங்காலில் அந்தப் பள்ளத்தின் வெதுவெதுப்பு ஏறினது. செதுக்கின பள்ளம் இல்லை அது. எத்தனை வருஷம் எந்தக் கால்கள் நின்று தேய்த்த பள்ளமோ.

"ஒனக்கு மனசு ஒப்பலன்னா சொல்லு புள்ள. நாளைக்கே பிரிச்சுப் போட்டுர்றேன். இல்ல, லாத்தா வீட்டுக்கே..."

"வேணாம்" என்றாள். சொன்ன பிறகும் முழங்கை மயிர் குத்திட்டுத்தான் நின்றது. அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். "அவரு பலகையப் பிடுங்கிட்டு அவர எங்க போவச் சொல்றீங்க? நமக்கு முன்னாடியே வந்து நிக்கிறவரு. அவரு போயிட்டு வரட்டும். முப்பது பேருக்குக் காத்துக் கெடந்தவ நான், ஒருத்தருக்கு நிக்கமாட்டனா?"

கபீர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அன்றைக்குக் கஷாயம் வைக்கவா என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த சந்தை நாளில் அவர் தேக்காவிலிருந்து ஒரு புதுக் கெண்டி வாங்கிவந்து சமையற்கட்டில் வைத்தார். வீட்டில் ஏற்கனவே இரண்டு இருந்தன. நெளிந்தது அவருடையது, கழுத்தில் சிவப்பு நூல் கட்டினது அவளுடையது. எதற்கு இது என்று அவள் கேட்கவில்லை.

மறுநாள் சிள்வண்டு ஓய்ந்ததும் சம்சுன்னிசா இரண்டு கையிலும் கெண்டியோடு போனாள். புதியதைக் கதவோரம் வைத்து, கைப்பிடி உள்ளிருப்பவருக்கு எட்டுகிற பக்கமாகத் திருப்பிவிட்டாள். நிமிர்ந்து, இரண்டு தரம் செருமினாள். பதில் வந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மங்குஸ்தான் மரத்தடிக்கு நடந்தாள். அங்கே கபீர் நெளிந்த கெண்டியோடு, கதவுக்கு முதுகு காட்டி ஏற்கனவே நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் ஓரடி நகர்ந்து நிழலில் இடம்விட்டார்.