மூன்றாம் கார்டும் பத்து நிமிடமும்

அலுவலகத்தில் அவரைப் பெயர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. 'இன்னொருதடவை' என்றால் கைகாட்டுவார்கள். எந்த வேலையை முடித்தாலும், "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பார். அடுப்பை மூன்று முறை அணைப்பவர். இழுத்துப் பார்த்தே இரண்டு பூட்டுகளைக் கெடுத்தவர். சர்வர்களைப் பராமரிக்க இப்படி ஒரு ஆள் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும் என்று மேலாளர் நினைத்திருக்கலாம். ஆனால் நினைத்ததை எழுத்தில் தரவில்லை. ஆறு மாதத் தற்காலிகப் பணி வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. நிரந்தரமாக்கும் கடிதம் கையெழுத்தில்லாமல் மேலாளர் மேசையில் கிடந்தது. நாற்பத்து நான்கு வயதில் இந்த வேலைக்காகக் குடும்பத்தோடு புது வீட்டுக்கு வந்தவர். பாதிப் பெட்டிகளை மனைவி இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் திரும்பக் கட்ட வேண்டுமே.

செவ்வாய்க்கிழமை காலை ஒரு வேலை வந்தது. புது சர்வர் ஒன்றில் அதிவேக நெட்வொர்க் கருவித்தொகுப்பை நிறுவ வேண்டும். பன்னிரண்டு மணிக்கு வாடிக்கையாளர் சோதிப்பார். சாதாரணமாக, நெட்வொர்க்கில் வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் முதலில் இயங்குதளத்தின் மேசைக்குப் போய், முத்திரை வாங்கி, அப்புறம்தான் உரிய நிரலைச் சேரும். இந்தத் தொகுப்பு அந்த மேசையையே தூக்கிவிடும். பொட்டலம் நேராக நிரலின் மடியில் விழும். ஏற்கெனவே கட்டி முடித்துப் பொதிந்து வைத்த தொகுப்பு என்பதால், இறக்கி நிறுவுவது பத்து நிமிட வேலை.

ஆனால் ஒரு சங்கடம். நெட்வொர்க் கார்டை இயங்குதளத்திடமிருந்து பிடுங்கித் தொகுப்பிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த கார்டு வழியாக நாம் உள்ளே போக முடியாது. சர்வரில் நான்கு கார்டுகள். அவற்றில் ஒன்றுதான் இவர் உட்கார்ந்த இடத்திலிருந்து உள்ளே போய்வரும் வாசல். சர்வரோ ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில், பூட்டிய அறையில் இருந்தது. அங்கிருந்த ஒரே மனிதர் காவலாளி, அவரிடம் அந்த அறைக்குச் சாவி இல்லை. இந்த வாசல் அடைபட்டால் உள்ளே போக மாற்றுவாசல் ஒன்று வாங்கலாமா என்று இவர் கேட்டதற்கு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று பதில் வந்திருந்தது.

வாசல் முதல் கார்டு, ஒப்படைக்க வேண்டியது மூன்றாவது என்று நோட்டில் எழுதிக்கொண்டார். ஏழு முறை சரிபார்த்தார். சரிபார்த்ததெல்லாம் நோட்டைத்தான், சர்வரை அல்ல. நோட்டில் எழுதியது நோட்டில் எழுதியபடியே இருந்ததில் அவருக்கு மிகுந்த திருப்தி.

தொகுப்பு நிறுவிக்கொண்டது. பொட்டலங்கள் வந்து விழுவதற்கு நினைவகத்தில் பெரிய பக்கங்களை ஒதுக்கினார். வழியில் நான்கு எச்சரிக்கைகள் வந்தன; நான்கையும் அரைமணி நேரம் ஆராய்ந்தார், நான்கும் வெத்துவேட்டு. மூன்றாவது கார்டை ஒப்படைக்கச் சொன்னதும் ஐந்தாவது வந்தது: இந்தக் கார்டு பயன்பாட்டில் உள்ளது, மாற்ற மாட்டேன். அகில உலகத்துக்கும் பயந்த மனிதர், பயப்பட வேண்டிய அந்த ஒரே வரிக்கு மட்டும் பயப்படவில்லை. கட்டாயப்படுத்து என்று கட்டளையிட்டார்.

திரை உறைந்தது. எந்த விசைக்கும் அசையவில்லை. சர்வர், கார்டுகளை எண்ணும் வரிசை வேறு. இவர் எண்ணிய வரிசை வேறு. இவர் ஒப்படைத்தது வாசலையே.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாசலைத் தொடுவதற்கு முன், பத்து நிமிடத்தில் தானாக அணைந்து எழும்படி இயந்திரத்துக்குச் சொல்லி வைப்பார்கள். மாட்டிக்கொண்டாலும், எழும்போது கார்டுகள் பழையபடி இயங்குதளத்திடம் வந்துவிடும். இவரும் முன்னதாகவே அந்தக் கட்டளையைத் தட்டியிருந்தார். தட்டி முடித்து எண்டரை அழுத்தினாரா? அது மட்டும் நினைவில்லை. கைவிரலைப் பார்த்தார். விரல் சாட்சி சொல்லவில்லை.

மணி பதினொன்று இருபது. மனைவி போன் செய்தார்.

"என்னங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு. யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"இன்னும் தெரியலம்மா. பத்து நிமிஷம் கழிச்சுச் சொல்றேன்."

மேலாளர் வந்து தோளுக்குப் பின்னால் நின்று, எல்லாம் நல்லபடியாப் போகுதா என்று விசாரித்தார். போய்க்கொண்டிருக்கிறது என்றார் இவர். எங்கே என்று சொல்லவில்லை. சர்வர் பதில் தருகிறதா என்று நொடிக்கொரு முறை கேட்கும் இன்னொரு ஜன்னலில், இல்லை, இல்லை, இல்லை என்று வரிகள் இறங்கின. பதினொன்றரை தாண்டியது. முப்பத்து மூன்று. முப்பத்தைந்து. பெரிய சர்வர்கள் எழுந்து சோம்பல் முறிக்கவே ஐந்து நிமிடமாகும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கடிகாரத்தை இன்னொரு தடவை பார்த்தார்.

முப்பத்தாறில் ஒரு வரி வந்தது: ஆமாம்.

இந்த முறை சர்வரையே கேட்டு, சரியான கார்டை ஒப்படைத்தார். பன்னிரண்டு மணிச் சோதனையில் பொட்டலங்கள் பறந்தன. பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தார். 'மறுதொடக்கம்: ஒன்று. காரணம்:' என்ற இடத்தில் கால்மணி நேரம் நின்றார். 'மின்தடை' என்று எழுதலாம். யாரும் ஐந்து மணி நேரம் போய்ப் பார்க்கப் போவதில்லை. அவர் எழுதியது: 'நான் தவறான கார்டை ஒப்படைத்தேன்.' இன்னொரு தடவை பார்க்காமலே அனுப்பிவிட்டார்.

ஐந்து நிமிடத்தில் மேலாளர் கூப்பிட்டார்.

"பத்து நிமிஷக் கட்டளை போட்டுட்டுதான் தொட்டீங்களா?"

"போட்டேன் சார். போட்டேனான்னு தெரியாமதான் பதினாறு நிமிஷம் உக்காந்திருந்தேன்."

மேலாளர் சிரிக்கவில்லை. கடிதத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

"இதே மாதிரி இன்னும் பதினோரு சர்வர் இருக்கு. எல்லாத்தையும் நீங்களே பண்ணிடுங்க."

நிரந்தரமாகிவிட்ட மனிதர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பதினொரு சர்வரை நான்கு கார்டால் பெருக்கியபடி தன் நாற்காலிக்குத் திரும்பினார்.