முப்பத்தெட்டு கிராம் கண்ணன்

அம்மா தராசு செய்யும் பட்டறையில் எடைக்கற்களைச் சரிபார்த்தாள். முப்பத்தொரு வருடம். கல்லைக் கையால் தொடக்கூடாது, விரலின் ஈரம்கூட எடை காட்டும் என்று இடுக்கியால்தான் எடுப்பாள். மயிரிழை பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவாள். அங்கே அவளுக்குக் 'கறார் அக்கா' என்று பெயர்.

அந்தக் கறார் அக்கா வீட்டில் சாமியை ஒளித்துவைத்து விளையாடினாள்.

தவழும் கண்ணன். பித்தளை. கட்டைவிரல் அளவு. எடை முப்பத்தெட்டு கிராம். பட்டறைக்கே எடுத்துப்போய் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். அம்மா ஒளிப்பாள், அப்பா தேடுவார். கண்டுபிடித்தவர் அடுத்து ஒளிக்க வேண்டும். ஒளிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்த்து இருபது வரை எண்ண வேண்டும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எவ்வளவு கூட்டத்திலும் டிக்கெட் எடுக்காதவனைப் பிடித்துவிடுவார். வீட்டில் கண்ணனைப் பிடிக்கத் தெரியாது. ஒருமுறை ஒன்பது நாள் தேடினார். அவர் தலையணை உறைக்குள்தான் இருந்தது.

"உறுத்துச்சு. கழுத்துவலின்னு நெனச்சேன்" என்றார்.

நான் கருவிப் பொறியியல் படித்தவள். எனக்கு எதற்கும் பயன் தெரிய வேண்டும். அம்மாவிடம் கேட்டேன்.

"பயன் வேணும்னா அது வேலைடி. அதுக்குத்தான் பட்டறைக்குப் போறேனே."

"சரி, கடவுள் உலகத்தை எதுக்குப் படைச்சார்?"

"ஏதோ வேணும்னு படைச்சிருந்தா அவரும் நம்மள மாதிரி சம்பளக்காரர்தான். அவருக்கு என்ன குறை? ஒரு குறையும் இல்லாதவர் விளையாடத்தான் செய்வார். அதைத்தான் லீலைன்னு சொல்றது. தனியா விளையாட முடியாதில்ல, நம்மளையும் சேத்துக்கிட்டார்."

"என்னைக் கேட்டா சேத்துக்கிட்டார்?"

"ஆட்டத்துக்கு வந்துட்டு அழுகுணி ஆட்டம் ஆடாத."

ஒரு செவ்வாய்க்கிழமை, தராசின் முன்னால் உட்கார்ந்தபடியே அம்மா போய்விட்டாள். மாரடைப்பு. காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன்.

மூன்று வாரம் கழித்து அப்பா போன் செய்தார். "கண்ணனைக் காணோம்மா. அன்னைக்குக் காலைல ஒளிச்சு வச்சுட்டுப் போனா. என்னால முடியல. நீ வந்து தேடு."

ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். வீட்டின் வரைபடம் போட்டேன். நாற்பத்திரண்டு கட்டங்கள். பித்தளையைக் காந்தம் இழுக்காது. கையால்தான் துழாவ வேண்டும். முடித்த கட்டத்துக்கு ஒரு டிக். அப்பா என் பின்னாலேயே வந்து, நான் கலைத்ததை அடுக்கினார்.

"அந்த மூலை பாத்தியா?"

"பாத்தாச்சு."

"நல்லா பாத்தியா?"

நான்காம் நாள் அம்மாவின் புடவை அலமாரிக் கட்டம். பாதியில் நிறுத்திவிட்டேன்.

"அம்மாவை எடுத்துக்கிட்டதும் லீலைதானாப்பா?"

அவர் ஒரு புடவையை மடித்து வைத்தார். "தெரியலம்மா. இதெல்லாம் அவளைத்தான் கேக்கணும்."

ஐந்தாம் நாள் காலை காப்பி போடச் சர்க்கரை டப்பாவைத் திறந்தேன். கழுத்துவரை சர்க்கரையில் கண்ணன். ஒன்பதாவது கட்டம். முதல் நாளே டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்து டிக் போட்ட இடம். தேடும் பொருள் இடம் மாறாது என்று நானாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். யாரும் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா வாசற்படியில் நின்றிருந்தார்.

"எப்பக் கெடைச்சுது?"

"அவ போன மூணாம் நாளே. என் பழைய காக்கிச் சட்டைப் பையில."

"அப்புறம் ஏன் காணோம்னு சொன்னீங்க?"

"கண்டுபிடிச்சவன் ஒளிக்கணும்ல. ஒளிச்சேன். தேட ஆள் இல்ல." கழுத்தைத் தடவிக்கொண்டார். "தினம் நானே ஒளிச்சு நானே எடுத்தேன். அது ஆட்டமாவே இல்லம்மா."

நான்கு நாள், நாற்பத்திரண்டு கட்டம். கோபம் வந்திருக்க வேண்டும். கண்ணனைக் கழுவித் துடைத்தேன்.

"திரும்பி நில்லுங்க" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் சுவரைப் பார்த்துவிட்டார். "இருபதுதான்."

"எனக்குப் பழக்கமில்ல. அம்பது."

"அம்பதெல்லாம் கெடையாது. போனாப் போகுது, முப்பது."

"விரலிடுக்குல பாக்கக் கூடாது."

"நீ மொதல்ல நகரு."

பஸ்ஸில் நிறுத்தங்களைச் சொல்லும் குரலில் எண்ண ஆரம்பித்தார். பத்து வரும்வரை சமையலறை நடுவிலேயே நின்றிருந்தேன். பன்னிரண்டில் ஓடினேன்.