முனியாண்டி கல்லுக்கும் கானுக்கும் நடுவே ஒரு கோடு

போன கிழமை நிவித்திகல பஸ் நிலையத்தில் ரெண்டு பருப்பு வடை வாங்கினேன். கடைக்காரர் யாரோ பள்ளிக்கூடப் பிள்ளையின் கொப்பித் தாளைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்தார். வடை முடிந்த பிறகு தாளைப் பார்த்தேன். எனக்கு வாசிப்பு எழுத்துக்கூட்டித்தான். ஆனால் அந்தப் படத்துக்கு வாசிப்பு தேவையில்லை. கட்டம் போட்ட தாள், சரிவாக ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் ஒரு முக்கோணம். பக்கத்தில் படித்திறன் என்று எழுதியிருந்தது, அதாவது சரிவு எவ்வளவு என்கிற கணக்கு. வாத்தியார் சிவப்பு மையால் சரி போட்டிருந்தார். எண்ணெய் வாசத்தோடு அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த யாரோ ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும்.

அந்த முக்கோணத்தை நான் முதன்முதலில் பார்த்தது கொப்பியில் இல்லை, ஒரு ஜீப்பின் பொனட்டில்.

எங்கள் தேயிலைத் தோட்டம் கம்பெனிக்குக் கைமாறி அப்போது ஏழெட்டு வருஷம் இருக்கும். எங்களுக்குக் கிடைத்தது கீழ் லயம், ஒரே வரிசையில் எட்டுக் காம்பிரா, குடும்பத்துக்கு ஒரு அறை. லயத்துக்குப் பின்னால் தண்ணி ஓடுகிற கான். கானை ஒட்டி நெட்டுக்குத்தாய் ஒரு மண்மேடு. மேட்டுக்கு மேலே பரந்த புல்தரை, அதையும் தாண்டி மெதுவாக ஏறினால் முனியாண்டி கல். அந்த மண்மேட்டில் ஒரு வெடிப்பு விட்டது. முதலில் விரல் போகும், அடுத்த மழைக்குக் கை போனது. பக்கத்துக் காம்பிரா ராசம்மாவின் பின்சுவர் வயிறு தள்ளி நின்றது. “செவுத்துக்கு ஏழாம் மாசம் அக்கா, வளையல் வாங்கணும்” என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ராத்திரி மழை பிடித்தால் மட்டும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு என் காம்பிராவுக்கு வந்துவிடுவாள். என் சுவரும் அவள் சுவரும் ஒரே சுவர் என்பதை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

எத்தனையோ தரம் எழுதிப் போட்டபிறகு ஏதோ ஒரு ஆபீஸிலிருந்து ஒரு மாத்தயா, சிங்கள அதிகாரி, வந்தார். காலில் வெள்ளைச் சப்பாத்து. குடை பிடிக்க ஒரு ஆள். குடை பிடிக்கிற ஆளுக்குக் குடை இல்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஐயா கூடவே வந்து, மாத்தயா பேசுகிற சிங்களத்தை எங்களுக்குத் தமிழில் சொன்னார். எங்களுக்கு ஐயாவைவிட நல்ல சிங்களம் வரும். ஆனாலும் மொழிபெயர்ப்பது அவருடைய மரியாதை, அதை ஏன் கெடுப்பானேன் என்று தெரியாத மாதிரியே தலையாட்டினோம்.

விஷயம் இதுதான். மாத்தயாவிடம் ஒரு போர்ம் இருந்தது. அதில் ஒரு சின்னக் கட்டம். லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவு அரைக்கு மேலே என்றால் ஆபத்து, ஆட்களை வேறு இடத்தில் குடிவைக்க வேண்டும். அரைக்குக் கீழே என்றால் பயமில்லை, அங்கேயே இருக்கலாம். எட்டுக் குடும்பத்தின் உயிரும் அந்தக் கட்டத்துக்குள் எழுதப்போகிற நம்பரில் இருந்தது.

முதலில் தேத்தண்ணியும் வாழைப்பழமும் ஆனது. பிறகு மண்மேட்டைப் பார்த்து, இரத்தம் குடிக்கிற அட்டை இருக்கிறதா என்று கேட்டார். ராசம்மா, “இவ்வளவு நேரம் இல்லை, மாத்தயா வந்தது தெரிஞ்சா வரும்” என்றாள். ஐயா அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. மாத்தயா ஜீப்பில் ஏறி, ரோட்டு வழியாகச் சுற்றி, முனியாண்டி கல்லுக்கே போய்விட்டார். அங்கே ஒரு புள்ளி, இங்கே கானில் ஒரு புள்ளி. மூன்றுகால் பெட்டியில் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். திரும்பி வந்து பொனட்டில் தாளை விரித்து, ரெண்டு புள்ளியையும் நேர்கோட்டால் சேர்த்து, அடியில் முக்கோணம் போட்டார். மேலே ஏறினது முப்பது அடி. குறுக்கே போனது நூறு அடி. முப்பதை நூறால் வகுத்தால் தசம் மூன்று. அரைக்குக் கீழே. “ஹரி”, சரி, என்று பேனாவை மூடினார்.

ராசம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்குப் படிப்பு ரெண்டாம் வகுப்பு, அதையும் ரெண்டு வருஷம் படித்தேன். ஆனால் இந்தத் தோட்டத்தில் கான் வெட்ட அளந்து வழி குறித்தபோது ஆறு வருஷம் அளவுக் கம்பு பிடித்தவள் நான். அங்கே யாரும் மலையின் தலையையும் காலையும் மட்டும் பார்த்துக் கான் போட மாட்டார்கள். கம்புக்குக் கம்பு அளந்து, இடத்துக்கு இடம் சரிவு பார்ப்பார்கள். இல்லாவிட்டால் தண்ணி ஓரிடத்தில் தேங்கும், இன்னோரிடத்தில் மண்ணைத் தோண்டிக்கொண்டு போகும்.

சிங்களத்திலேயே கேட்டேன், ஐயாவின் முகம் போனாலும் பரவாயில்லை என்று. “மாத்தயா, கோடு நேரா இருக்கு. மலை நேரா இல்லையே?”

படித்தவரா என்று கேட்டார். கம்பு பிடித்தவள் என்றேன்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஆறடிக் கம்பு ரெண்டு, பாதி தண்ணி ஊற்றி மூடின சாராயப் போத்தல் ஒன்று. போத்தலுக்கு எங்கள் லயத்தில் என்றைக்கும் பஞ்சமில்லை. மேட்டின் உச்சியில் ஒரு கம்பின் நுனியை வைத்து வெளியே நீட்டினேன். மேலே போத்தலைப் படுக்க வைத்துத் தண்ணி மட்டம் நிற்கும்வரை சரிசெய்தேன். மற்றக் கம்பை மறுநுனியிலிருந்து கீழே இறக்கி ராசம்மா நின்றாள். ஆறடி குறுக்கே, ஆறடி இறக்கம். அந்த இடத்திலிருந்து மறுபடி, ஆறுக்கு ஆறு. மூன்றாம் தரமும் அதேதான். மேட்டின் சரிவு ஒன்றுக்கு ஒன்று. புல்தரை படுத்துக் கிடப்பதால் மாத்தயாவின் தாளில் மலை சாதுவாகிவிட்டது.

மாத்தயா கெட்டவர் இல்லை. நம்பினார். ஆனால் அவருக்கு வேறு சங்கடம் வந்தது. “போர்ம்ல கட்டம் ஒன்னுதான் இருக்கு” என்றார். முதல் நம்பரை வெட்டினால் பெரிய ஆபீஸில் கேள்வி வரும், ரெண்டையும் எழுத இடமில்லை. எட்டுக் குடும்பமும் சுற்றி நிற்க, அவர் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கணக்கப்பிள்ளை ஐயாதான் வாய் திறந்தார். வருஷக்கணக்காகக் கொழுந்து எடைக்குச் சராசரி போட்டுப் பழகினவர். “ரெண்டையும் கூட்டிப் பாதி ஆக்குங்க” என்றார். ஒன்றும் தசம் மூன்றும் ஒன்று தசம் மூன்று. அதில் பாதி, தசம் ஆறு ஐந்து. அரைக்கு மேலே. மாத்தயாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எழுதிக் கையெழுத்தும் போட்டார். சப்பாத்தில் அட்டை ஏறியிருந்ததை நாங்கள் அப்புறம்தான் சொன்னோம்.

பின்னாளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த கணக்கு வாத்தியாரிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். படித்திறனை அப்படிக் கூட்டிப் பாதியாக்கக் கூடாதாம், சுத்தத் தப்பாம்.

“தப்புதான் சேர். முதல்ல போட்டது சரியான கணக்கு. அதையே வச்சிருந்தா, எங்க லயத்துல சின்னப் பிள்ளை ஒன்னும் மிஞ்சியிருக்காது” என்றேன்.

முனியாண்டி கல்லுக்கு அந்தப்பக்கம் தகரக் கொட்டகை போட்டுத் தந்தார்கள். ஆறு மாதத்துக்குத் தற்காலிகம் என்றார்கள். அந்த ஆறு மாதம் நான்கு வருஷமாகியும் முடியவில்லை. வெயிலுக்கு வேகும், மழைக்குக் காது அடைக்கும். ராசம்மா என்னைத்தான் திட்டுவாள், “உங்க போத்தலால வந்த வினை” என்று.

அப்படியிருக்க, ஒரு வைகாசி மாதக் காலையில் நாங்கள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தபோது லொறி கவிழ்ந்த மாதிரி ஒரு சத்தம் கேட்டது. கூடையோடு ஓடினோம். மேடு இல்லை. கான் இல்லை. லயம் இருந்த இடத்தில் சிவப்பாய் ஈர மண், அதன் மேலே யாரோ கொண்டுவந்து நட்ட மாதிரி ஒரு பலாமரம் நிமிர்ந்து நின்றது. காலி லயம் என்பதால் ஆட்கள் யாரும் மாட்டவில்லை, ஒரு கோழிகூட இல்லை. ராசம்மா கூடையை இறக்கி வைத்தாள்.

பிறகு, “அக்கா, நம்ம வாசல் எதுன்னு காட்டுங்க பார்ப்போம்” என்றாள்.

இந்தத் தோட்டத்தில் எந்தக் கான் எந்தக் கல்லடியில் திரும்புகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன் நான். கையைத் தூக்கினேன். கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினேன். பிறகு இறக்கிவிட்டேன்.