பதினோரு சட்டைகள்

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் என் இடது காதருகே வந்து கத்திப் பார்க்கலாம். அந்த ராத்திரியோடு அது செவிடாகிவிட்டது. பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

பிரேசில்காரனோடு எங்கள் பராகுவே போரிட்ட நான்காம் வருஷம். எங்கள் அகழியில் ஒரு வழக்கம் இருந்தது. எதிரியின் குண்டு விழுந்த மறுநொடியே காவலுக்கு நிற்பவன் மாட்டுக் கொம்பை எடுத்து ஊதுவான். 'இவ்வளவுதானா உன் வீரம்?' என்று அர்த்தம். அதைக் கேட்டால் எதிரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அன்று இருட்டியதும் எங்கள் படை ரகசியமாகப் பின்வாங்கியது. ஊர்ச் சனமும் ஓடங்களில் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. அதில் என் தங்கை பெத்ரோனாவும் அவள் கைக்குழந்தையும் இருந்தார்கள். அகழி காலி என்று விடியும்வரை எதிரிக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் நேராகத் துறைக்கே வந்துவிடுவான். ஒருவரும் மிஞ்ச மாட்டார்கள்.

அதற்காகப் பதினோரு வைக்கோல் பொம்மைகளைக் காவலுக்கு நிறுத்தினோம். அந்த அகழியில் செத்த பதினோரு பேரின் சட்டைகளை அவற்றுக்கு மாட்டினோம். அங்கே உயிரோடு இருந்தது நானும் என் கூட்டாளி காசிமிரோவும்தான். கொம்பு ஒன்றே ஒன்று.

"நல்ல சட்டைய வைக்கோலுக்குப் போடுறியே, என் முதுகப் பாரு," என்றான் காசிமிரோ.

"செத்தவன் சட்டைடா. உனக்கெதுக்கு?"

குண்டு விழ விழ, இடம் மாறி மாறி ஓடி ஊதினேன். எதிரியின் கப்பல் மணிதான் எங்களுக்கும் கடிகாரம். அது இரண்டரை மணிக்கு அடித்தபோது ஒரு குண்டு பக்கத்திலேயே வெடித்தது. காது போயிற்று. கையிலிருந்த கொம்பும் சிதறிவிட்டது.

"போச்சு. இனி என்னத்த ஊதுவ?" என்றான் காசிமிரோ.

பத்து நிமிஷம் கழித்து அடுத்த குண்டு விழுந்தது. ஊதக் கொம்பில்லை...

எதிர்ப்பக்கம் யாரோ கட்டளையிட்டான். துப்பாக்கிகளில் கத்தி மாட்டும் ஓசை கேட்டது. க்ளிக்... க்ளிக்... பெத்ரோனா இன்னும் இக்கரையில்தான் இருப்பாளோ?

அப்போது...

பூ... பூ... பூஊஊ.

மூன்றாம் பொம்மை நின்ற இடம்.

"நீயா?"

"உன் பக்கத்துலதானடா இருக்கேன்."

மறுபடியும். ஆறாம் இடம். பிறகு ஒன்பது. அங்கே ஊதலின் முடிவில் காற்று உஸ்ஸென்று ஓடியது. அந்தப் பதினோரு பேரில் முன்பல் இல்லாத தொரிபியோ ஊதினால்தான் அப்படி ஓடும். அவனைப் புதைத்துப் பத்து நாள்.

அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

"ஊதுங்கடா. நல்லா ஊதுங்க," என்றேன்.

ஊதினார்கள்.

விடியும்வரை.

எதிரி வரவில்லை. ஐந்து மணிக்கு நாங்கள் இருவரும் திரும்பிப் பார்க்காமல் நடந்தோம். தங்கையும் பிள்ளையும் பத்திரமாக அக்கரையில் இருந்தார்கள்.

போர் முடிந்து பல வருஷம் கழித்து, மாடு வாங்க வந்த அடெலீனோ என்ற பிரேசில்காரனைச் சந்தித்தேன். அன்று எங்கள் அகழிக்குள் முதலில் குதித்தவன் அவன். என் வீட்டில் மாத்தே இலைக் கஷாயம் குடித்துக்கொண்டே கிண்டலடித்தான்.

"ஏம்பா, நீங்க பதிமூணு பேரும் வரிசையா நடந்து போனத நானே பார்த்தேன். துப்பாக்கிய எடுக்கறதுக்குள்ள பனியில மறைஞ்சுட்டீங்க. ராத்திரி சட்டையோட நின்ன பொம்மைங்க, போறப்போ அதையுமா உருவிட்டுப் போவீங்க? உள்ள வந்து பார்த்தா வெறும் வைக்கோல்தான் நின்னுச்சு."

நாங்கள் இருவர்தான். ஒரு சட்டையையும் தொடவில்லை. காசிமிரோ தன் கிழிந்த சட்டையோடுதான் ஆற்றைக் கடந்தான்.