கதையாட்டியும் ஆள் இருக்கு

என் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். எந்த நாடு என்று எழுத மாட்டேன். அகதி வழக்கு முடியவில்லை. எங்கிருந்து கதைக்கிறான், யாரோடு கதைக்கிறான் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது என்று பயப்படுகிறான். அந்தப் பயம் சரியோ பிழையோ, நான் கேட்டதில்லை.

அதற்காக ஒரு ஆப் சொன்னான். மகள் என் போனில் ஏற்றித் தந்தாள். குரல் நேரே போகாதாம். மூன்று இடம் சுற்றிப் போகுமாம். ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்து இடத்தை மட்டும்தான் தெரியுமாம். எனக்கு விளங்கியது. சண்டையில் பாதை பூட்டியிருந்த காலத்தில் கடிதங்கள் அப்படித்தான் கை மாறி வந்தன. கொண்டுவந்து தந்தவருக்கு எழுதியவரைத் தெரியாது.

ஞாயிறு பின்னேரம் நாலு மணிக்கு எடுப்பான். சாப்பாடு கேட்பான். தோட்டம் கேட்பான். வெங்காயம் நட்டிருக்கு என்பேன். அதோடு எங்கள் கதை முடிந்துவிடும். ஆனால் போனை வைக்க மனம் வராது. அவனுக்கும் வராது என்று நினைக்கிறேன்.

நாங்கள் அப்படியே பழகிவிட்டோம். அவன் ஊரில் இருந்தபோது, இணுவில் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது நான் மெசினடியில் நிற்பேன். அவன் மண்வெட்டியோடு பாத்தி மாறுவான். இரண்டு மணித்தியாலம் ஒரு சொல் இராது. நிமிர்ந்து பார்த்தால் அவன் நிற்பான். அது போதும்.

இந்த ஆப்புக்கு அது தெரியவில்லை. கொஞ்ச நேரம் குரல் இல்லாவிட்டால் வெட்டிவிடும். ஏதோ ஆங்கிலத்தில் எழுத்து வரும். மறுமுனையில் ஆள் இல்லை என்று போட்டிருக்கு என்றாள் மகள். திரும்பவும் அந்த மூன்று இடத்தையும் பிடித்து வரக் கனநேரம் எடுக்கும். ஒரு ஞாயிறு ஐந்து தரம் வெட்டியது.

"ஐயா, ஏதாவது கதையுங்கோ. நீங்கள் போய்ச் சேர்ந்திட்டியள் எண்டு நினைக்குது," என்று சிரித்தான்.

ஒரு நாள் போனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய் மெசினைப் போட்டேன். அவன் கேட்கட்டும் என்றுதான். ஆப் அதை இரைச்சல் என்று அழித்துவிட்டு, ஆள் இல்லை என்று வெட்டியது.

அடுத்த கிழமை அவன் சொன்னான், ஆப் செய்கிறவர்கள் பாவிக்கிறவர்களிடம் குறை நிறை கேட்கிறார்களாம். நான் சொன்னால் எழுதி அனுப்புவானாம்.

"குரல் தெளிவு எண்டு எழுது. பிந்தித்தான் வருது. சுத்தி வந்தால் பிந்தும்தானே, அது பரவாயில்லை. கதையாமல் இருந்தால் வெட்ட வேண்டாம் எண்டு சொல்லு."

"ஏன் எண்டு கேப்பினம், ஐயா."

"கதையாட்டியும் ஆள் இருக்கு எண்டு எழுது."

எழுதுகிறான் என்று தெரிந்தது. வேறு என்ன என்று கேட்டான்.

"மெசின் சத்தத்தையும் விடச் சொல்லு. என்ர பெடியன் அதைக் கேட்டுக் கனகாலம் எண்டு எழுது."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வெட்டியது. அன்றைக்குத் திரும்ப எடுக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து மறுமொழி வந்ததாம். மெசின் சத்தம் விட ஏலாதாம். சுற்றுச் சத்தத்தை வைத்து ஆள் இருக்கும் இடத்தைப் பிடித்துவிடலாமாம். ஆனால் வெட்டாமல் இருக்கச் செய்திருக்கிறார்களாம். மகள் போனில் அதைச் சரிப்படுத்தித் தந்தாள்.

அந்த ஞாயிறு வெட்டவில்லை. சாப்பாடு கேட்டான், தோட்டம் கேட்டான். பிறகு இருவரும் சும்மா இருந்தோம். நான் கேட்டது கிடைத்துவிட்டது.

ஆனால் போனுக்குள் ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சுக்கூட இல்லை. அதையும் அழித்துவிடுகிறது. கிணற்றுக்குள் காது வைத்தால் அங்கேயும் ஏதோ கேட்கும். இதில் அதுவும் இல்லை. முன்பு வெட்டினால் போய்விட்டான் என்று தெரியும். இப்போது இருக்கிறானா, போனை வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டானா, தெரியவில்லை. தோட்டத்தில் என்றால் நிமிர்ந்து பார்ப்பேன்.

அரை மணித்தியாலம் பொறுத்தேன். அவன் பிறந்த நாளிலிருந்து நான் கேட்காத ஒன்றைக் கேட்டேன்.

"தம்பி, நிக்கிறியோ?"

என் குரல் மூன்று இடமும் சுற்றிப் போக வேண்டும். அவனுடையது மூன்று இடமும் சுற்றி வர வேண்டும். போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஓம் ஐயா. நிக்கிறன்."

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் கேட்கிறேன். மூன்று தரம், நாலு தரம்.